ஆர்.வி.யில் நாயோடு ராக்கி மலைப்பயணம்: 6 அடி, 21 அடி, 100 அடி... கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விதிகள் என்ன?

1981-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் பகுதியில் நின்ற ஒரு வண்டியிலிருந்து நாய் ஒன்று தாவி ஓடியது. நேராகப் போய் கொதிக்கும் குளத்துக்குள் விழுந்தது. அதைக் காப்பாற்ற கலிபோர்னியாவைச் சேர்ந்த 24 வயது இளைஞர் உள்ளே குதித்தார். அது அவருடைய நாய்கூட இல்லை, நண்பருடைய நாய். நாய் அங்கேயே இறந்தது. உடல் முழுக்க வெந்துபோன அந்த இளைஞர் மறுநாள் உயிரிழந்தார்.

சுமார் 40 ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில் அதே பூங்காவில் மீண்டும் அதே கதை. வண்டியிலிருந்து வெளியே குதித்த நாய் ஊற்றில் விழ, அதைத் தூக்க 20 வயதுப் பெண் பின்னாலேயே இறங்கினார். அவருடைய அப்பா அவரை வெளியே இழுத்துப் போட்டார். தோளிலிருந்து பாதம் வரை தீக்காயங்களுடன் அந்தப் பெண் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். நாய் பிழைக்கவில்லை.

இரண்டு சம்பவங்களுக்கும் தொடக்கம் ஒன்றுதான். வண்டியிலிருந்து நாய் கட்டில்லாமல் வெளியே வந்தது.

கோடை விடுமுறை வந்துவிட்டால் வீடு மாதிரியான ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, செல்ல நாயையும் ஏற்றிக்கொண்டு ராக்கி மலைத்தொடரைச் சுற்றுவது அமெரிக்காவில் ரொம்பப் பிரபலம். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இப்படிக் கிளம்புகிறார்கள். ஆனால் போன பிறகுதான், "நாய்க்கு அனுமதி இல்லை", "இந்த வண்டி மேலே போகாது" போன்ற பலகைகள் கண்ணில் படும். விதிகள் என்ன, அவை எதற்காக, நாயோடு சந்தோஷமாகப் போய்வர என்ன வழி? விரிவாகப் பார்க்கலாம்.

ஆர்.வி. என்றால் என்ன?

படுக்கை, சமையல் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிதான் ஆர்.வி. நம்ம ஊரில் கேரவன் என்று சொல்வோம். இதில் மூன்று வகை முக்கியம்.

கிளாஸ் ஏ: பார்க்க பஸ் மாதிரியே இருக்கும். சில வண்டிகள் 40 அடியையும் தாண்டும்.

கிளாஸ் பி: பெரிய வேன். உள்ளே இடம் குறைவு, ஆனால் வளைவுகளில் ஓட்ட எளிது.

கிளாஸ் சி: ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை. குடும்பங்கள் அதிகம் வாடகைக்கு எடுப்பது இதைத்தான்.

இவை தவிர, காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் டிரெய்லர்களும் உண்டு.

எதை எடுத்தாலும் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளியல் மற்றும் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று எனத் தனித்தனித் தொட்டிகள் இருக்கும். கழிவுத் தொட்டிகளை அதற்கென இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் மட்டுமே காலி செய்ய வேண்டும். முகாமில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றோடு வண்டியை இணைக்கும் வசதிக்கு ஹூக்அப் என்று பெயர். இந்த வார்த்தையை நினைவில் வச்சுக்கோங்க. நாயின் உயிருக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

எந்த ரூட்?

வயோமிங், மொன்டானா ஆகிய இரு மாநிலங்களில் இந்தப் பயணத்துக்குப் பேர்போன வழி இது. ஜாக்சன் ஊரில் தொடங்கி கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா. அங்கிருந்து வடக்கே எல்லோஸ்டோன். எல்லோஸ்டோனின் வடகிழக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் பேர்டூத் நெடுஞ்சாலை. பிறகு வடமேற்கே, கனடா எல்லையை ஒட்டிய கிளேசியர் தேசியப் பூங்கா. பேர்டூத் முடியும் ரெட் லாட்ஜ் ஊரிலிருந்து கிளேசியருக்கு நீண்ட தூரம். ஆர்.வி.யில் இரண்டு நாளாகப் பிரித்து ஓட்டுவதே நல்லது.

பேர்டூத் சாலையின் உச்சி 10,947 அடி. நம்ம தொட்டபெட்டாவை விட 2,000 அடிக்கு மேல் உயரம். பனி காரணமாக மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான் பொதுவாகத் திறந்திருக்கும். கிளேசியரின் மலைச்சாலை முழுமையாகத் திறக்க பெரும்பாலும் ஜூன் கடைசி அல்லது ஜூலை ஆகிவிடும். அதனால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்தான் ஏற்ற மாதங்கள்.

நாயை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பூங்காவுக்குள் நாயைக் கொண்டுவர அனுமதி உண்டு. ஆனால் வண்டி போகிற இடம் வரைதான் நாய்க்கும் அனுமதி.

எல்லோஸ்டோன்: சாலை, பார்க்கிங், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள் மட்டும் நாய் இருக்கலாம். நடைபாதைகள், வெந்நீர் ஊற்றுப் பகுதிகள், மரப்பலகைப் பாதைகள், உள்காடு எதிலும் அனுமதி கிடையாது. அதாவது ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்று பீறிடுவதை மரப்பலகைப் பாதையில் நின்று பார்க்க நாயைக் கூட்டிட்டுப் போக முடியாது.

கிராண்ட் டீட்டன்: இங்கே சாலையிலிருந்து 30 அடிதான் எல்லை.

கிளேசியர்: முகாம், சாலையோரம், பார்க்கிங், பிக்னிக் இடங்களில் ஓகே. மலையேறும் பாதைகளில் கூடாது. பூங்காவின் இலவச ஷட்டில் பஸ்ஸிலும் நாயை ஏற்ற முடியாது.

மூன்று இடத்துக்கும் பொதுவான விதி: நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டும் கயிறு, அதாவது லீஷ், 6 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. இழுக்க இழுக்க நீளும் லீஷ் வைத்திருப்பவர்கள் அதை 6 அடியில் பூட்டிவிட வேண்டும். நாயை மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு நாம் மட்டும் சுற்றிப் பார்க்கப் போவதும் தடை. நாயின் கழிவைப் பையில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்சி பெற்ற சர்வீஸ் நாய்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 'மனசுக்குத் துணையாக வச்சிருக்கேன்' என்று சொல்லப்படும் நாய்கள் இந்தக் கணக்கில் வராது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

முதல் காரணம், தரை. எல்லோஸ்டோனில் 10,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளும் நீராவித் துளைகளும் இருக்கின்றன. சுற்றியுள்ள தரை பார்க்கக் கெட்டியாகத் தெரியும். ஆனால் பல இடங்களில் அது மெல்லிய ஓடு போன்றது. கீழே கொதிநீர். இவ்வளவு உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். நாய்க்கு அது கொதிக்கிற தண்ணீர் என்று தெரியாது. குளம் என்று நினைத்துத்தான் பாயும். இந்தப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளால் இதுவரை 20-க்கும் மேற்பட்ட மனிதர்களே இறந்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், கரடி. கட்டில்லாத நாய் கரடியைப் பார்த்தால் குரைத்துக்கொண்டே ஓடும். கரடி திரும்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடிவரும்? நம்மிடம்தான். பின்னாலேயே கரடியும் வரும். கரடி, ஓநாய்களிடமிருந்து குறைந்தது 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது எல்லோஸ்டோன் விதி. காட்டெருமை போன்ற மற்ற விலங்குகளுக்கு 25 கெஜம், சுமார் 23 மீட்டர். சாதுவாக மேய்கிற மாதிரி தெரியும் ஆண் காட்டெருமையின் எடை 900 கிலோ வரை போகும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்.

மூன்றாவது காரணம், நோய். நாய்களும் ஓநாய்களும் ஒரே இனக்குடும்பம். டிஸ்டெம்பர், பார்வோ போன்ற வைரஸ்கள் இரண்டையும் தாக்கும். எல்லோஸ்டோனில் 1995-ல் ஓநாய்கள் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன. அதன் பிறகு 1999, 2005, 2008 ஆகிய ஆண்டுகளில் டிஸ்டெம்பர் பரவி ஏராளமான ஓநாய்க் குட்டிகள் இறந்தன. அந்தக் கிருமி எங்கிருந்து வந்தாலும், நாயின் கழிவைக் காட்டில் விட்டுவிட்டு வருவது ஏன் சின்ன விஷயம் இல்லை என்பதை இது காட்டுகிறது.

அப்போ நாய் எங்கேதான் நடக்கும்?

இதற்கு நல்ல பதில் இருக்கிறது. தேசியப் பூங்காவும் தேசிய வனமும் அமெரிக்காவில் வேறு வேறு. பூங்காக்கள் உள்துறையின் கீழ் வரும். இயற்கையைச் சேதமில்லாமல் அப்படியே பாதுகாப்பது அவற்றின் நோக்கம். தேசிய வனங்கள் வேளாண் துறையின் கீழ் வருபவை. மரம், மேய்ச்சல், பொழுதுபோக்கு எனப் பல பயன்பாட்டுக்கும் திறந்திருப்பவை. அங்கே பெரும்பாலான நடைபாதைகளில் நாயைக் கூட்டிட்டுப் போகலாம். முகாம், பிக்னிக் இடங்களில் லீஷ் கட்டாயம். கரடி உலவும் இந்தப் பகுதியில் மற்ற இடங்களிலும் லீஷைக் கழற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

நம்ம ரூட்டிலேயே மூன்று தேசிய வனங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கிராண்ட் டீட்டனை ஒட்டி பிரிட்ஜர் டீட்டன். பேர்டூத் சாலையில் ஷோஷோனி. கிளேசியருக்கு அருகில் பிளாட்ஹெட். மலை அதே மலைதான். காட்சியும் கிட்டத்தட்ட அதேதான். கூட்டம் மட்டும் குறைவு.

அதனால் அனுபவசாலிகள் நாளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். காலையில் தேசிய வனத்தில் நாயோடு நல்ல நடை. நாய் களைத்துப் படுத்த பிறகு, பூங்காவுக்குள் வண்டியிலேயே ஒரு சுற்று. ஊற்றுப் பகுதியில் குடும்பத்தில் ஒருவர் நாயோடு வண்டியில் இருப்பார், மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்து இடம் மாற்றிக்கொள்வார்கள்.

21 அடி விதி என்ன?

கிளேசியர் பூங்காவின் உயிர்நாடி, 'கோயிங் டு தி சன்' என்ற மலைச்சாலை. 1933-ல் திறப்பு விழா கண்ட இந்தச் சாலையின் நீளம் சுமார் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். உச்சியில் இருக்கும் லோகன் கணவாய் 6,646 அடி உயரம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம்.

இந்தச் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதியில்லை. இழுத்து வரும் டிரெய்லரையும் சேர்த்துத்தான் நீளம் கணக்கிடப்படும். 10 அடிக்கு மேல் உயரம் இருந்தால், சாலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளில் உரசும் ஆபத்தும் உண்டு. 1930-களின் கார்களுக்காகக் குடையப்பட்ட சாலை அது. நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது எதிர்ப்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கிளாஸ் சி வண்டிகளில் பெரும்பாலானவை இந்த அளவைத் தாண்டிவிடும். ஷட்டில் பஸ்ஸில் போகலாம் என்றால் நாய்க்கு இடமில்லை. அப்போ என்ன செய்வது? மூன்று வழிகள்.

ஒன்று, முதலிலேயே 21 அடிக்குள் அடங்கும் கிளாஸ் பி வேனை எடுப்பது. இரண்டு, ஆர்.வி.யை முகாமில் நிறுத்திவிட்டு ஒரு நாளுக்குச் சின்ன கார் வாடகைக்கு எடுப்பது. மூன்று, பூங்காவின் தெற்கே சுற்றிப் போகும் யு.எஸ்.2 நெடுஞ்சாலையைப் பிடிப்பது. அதில் 21 அடி கட்டுப்பாடு இல்லை. 5,213 அடி உயரமுள்ள மரியாஸ் கணவாய் வழியாக அடுத்த பக்கம் போய்விடலாம்.

மலை இறக்கத்தில் எதைக் கவனிக்கணும்?

ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. ஆர்.வி. பல டன் எடை கொண்டது. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போகும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி விட வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் சாலையோர ஒதுக்கிடத்தில் நிறுத்தி வழிவிடுங்க. அந்த நேரத்தில் நாய்க்கும் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாம். உயரத்தில் காற்று வறண்டிருப்பதால் நாய்க்கு வழக்கத்தை விட அதிகத் தண்ணீர் தேவைப்படும்.

ஓடும் வண்டியில் நாய் எங்கே இருக்கணும்?

'வீடு மாதிரி இருக்கே, உள்ளே ஓடி விளையாடட்டும்' என்று விடக் கூடாது. திடீரென பிரேக் போட்டால் நாய் முன்னால் தூக்கி எறியப்படும். ஓட்டுநரின் காலடியில் பிரேக் பெடலுக்குக் கீழே புகுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நாய்க்கான சீட் பெல்ட், அல்லது நகராதபடி கட்டி வைத்த கூண்டு கட்டாயம் வேண்டும். இழுத்து வரும் டிரெய்லருக்குள் நாயை விட்டுவிட்டு ஓட்டக் கூடாது. உள்ளே என்ன நடக்கிறது என்றே நமக்குத் தெரியாது.

ஏசி போட்டு வண்டியில் விட்டுட்டுப் போகலாமா?

ஆபத்து அதிகம் ஒளிந்திருக்கும் இடம் இது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைக்கும். வெளியே 21 டிகிரி செல்சியஸ் என்றால் நமக்குக் குளுகுளு வானிலை. ஆனால் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 32 டிகிரி, அரை மணி நேரத்தில் சுமார் 40 டிகிரி ஆகிவிடும் என்கிறது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் கணக்கு. ஜன்னலை லேசாகத் திறந்து வைப்பதால் பெரிய வித்தியாசம் வந்துவிடாது.

ஆர்.வி.யில்தான் ஏசி இருக்கே என்று தோன்றும். ஆனால் கூரை ஏசி பெரும்பாலும் முகாமின் மின் இணைப்பை, அதாவது ஹூக்அப்பை நம்பித்தான் ஓடும். கூட்டம் அதிகமான நாளில் மின்சாரம் ட்ரிப் ஆனால் ஏசியும் நின்றுவிடும். வெப்பநிலையை மொபைலுக்கு அனுப்பும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் இந்த மலைகளில் பல இடங்களில் சிக்னலே கிடையாது. எச்சரிக்கை வராது.

எல்லோஸ்டோனுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என முழு ஹூக்அப் உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் மட்டும்தான். கரடிப் பகுதி என்பதால் அங்கே கெட்டியான சுவர் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. கூடாரத்துக்கு இடமில்லை. மற்ற முகாம்களில் ஏசியை நம்பி நாயைத் தனியாக விடும் யோசனையே வேண்டாம்.

இன்னொன்று, நாய்க்கான உணவும் கரடிக்கு உணவுதான். சாப்பிட்ட தட்டு, தீவன மூட்டை எதையும் வெளியே விடாதீங்க. வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்க.

கனடாவுக்கும் போகலாமா?

கிளேசியரை ஒட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது கனடாவின் வாட்டர்டன் லேக்ஸ் தேசியப் பூங்கா. அங்கே லீஷோடு பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி உண்டு. ஆனால் எல்லையில் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்.

திரும்பி அமெரிக்காவுக்குள் வரும்போதும் விதி இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல், அமெரிக்காவுக்குள் வரும் நாய்க்குக் குறைந்தது 6 மாத வயதும், உடலில் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் படிவத்தை ஆன்லைனில் நிரப்பிய ரசீதும் தேவை. குட்டி நாயோடு எல்லை தாண்டினால் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்தியாவிலிருந்து நாயை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு நடைமுறை இன்னும் கடினம். ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் இந்தியா இருப்பதால் கூடுதல் ஆவணங்களும் பரிசோதனைகளும் தேவைப்படும். மாதக்கணக்கில் முன்னதாகவே வேலையைத் தொடங்கணும்.

கிளம்பும் முன் சரிபார்க்க:

- வாடகை நிறுவனம் நாயை அனுமதிக்கிறதா, தனிக் கட்டணம் உண்டா?
- வண்டியின் நீளம், அகலம், உயரம் எவ்வளவு? எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிக்கோங்க.
- முகாம் முன்பதிவு ஆச்சா? கோடையில் மாதங்களுக்கு முன்பே இடங்கள் நிரம்பிவிடும்.
- கிளேசியரில் வண்டிக்கான முன்பதிவு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பூங்காவின் இணையதளத்தில் பார்த்தீர்களா?
- தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப் எண், நாயின் சமீபத்திய போட்டோ மொபைலில் இருக்கா?
- 6 அடி லீஷ் இரண்டு. ஒன்று அறுந்தால் இன்னொன்று.
- கழிவுப் பைகள், மடக்குக் கிண்ணம், உண்ணி நீக்கும் கருவி எடுத்தாச்சா?
- வழியில் இருக்கும் கால்நடை மருத்துவமனைகளின் எண்களைச் சிக்னல் இருக்கும்போதே குறித்துக்கோங்க.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாய்களுக்கென்றே 'பார்க் ரேஞ்சர்' என்ற திட்டம்கூட இருக்கிறது. பார்க் என்றால் இங்கே பூங்கா இல்லை, ஆங்கிலத்தில் குரைப்பது. கழிவை எடு, எப்போதும் லீஷில் வை, காட்டு விலங்குகளை மதி, எங்கே போகலாம் என்று தெரிந்துகொள். இந்த நான்கு வாசகங்களின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

இத்தனை விதிகளில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுதான்: வண்டி நின்றதும் முதலில் நாய்க்கு லீஷ் மாட்டுங்க. இன்னொரு முனை கையில் இருக்கிறதா என்று பாருங்க. அதன் பிறகு கதவைத் திறங்க. வண்டியில் இருக்கும் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க. ஏன்னா, வண்டி நின்றதும் கதவைத் திறக்க முதலில் ஓடுவது பெரும்பாலும் அவங்கதான்.